பந்தாட்டம் பார்க்கப் போகிறவர் காரை எங்கே நிறுத்துவது?

முன்பெல்லாம் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள், "வாங்க, இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்பார்கள். இப்போது, "வாங்க, பார்க்கிங் கிடைச்சுதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிள்ளான், ஷா ஆலாம், கோலாலம்பூர் என எந்த ஊர் விசேஷமாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் சந்தனமும் கற்கண்டும். ஆகவே, கார் நிறுத்தும் கவலையை வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்தக் கவலை ஒரு விளையாட்டுக் குழுவை ஒரு நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரைக்குக் குடிபெயர வைத்த கதையும், அந்தக் கதைக்குள் ஒரு பாட்டி படித்த பள்ளிக்கூடம் மண்ணுக்கடியில் போன கதையும்தான் இக்கட்டுரை.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போன இடத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டமாவது பார்க்காமல் ஊர் திரும்பாதே" என்பதுதான். பேஸ்பால் நமக்கு முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று. நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆடும் சாஃப்ட்பாலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஆட்ட விதிகள் எனக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டன. அரங்கிற்குப் போய்ச் சேரும் விதிகள்தாம் புரிய ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

முதல் பயணம்: காரில்

வகுப்புத் தோழன் ஒருவன் என்னை அழைத்துப் போனான். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்தவன். மூன்று தலைமுறையாக அந்நகரில் வாழும் குடும்பம். அவனுடைய பழைய காரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஆட்டம் 7.10க்கு. எங்கள் விடுதியிலிருந்து அரங்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். "அரை மணி நேரம் போதும்" என்று கணக்குப் போட்டவன் நான்தான். வெள்ளிக்கிழமை மாலையில் கோலாலம்பூர் கூட்டரசு நெடுஞ்சாலையில் சிக்கித் தவித்த அனுபவம் இருந்தும் இப்படிக் கணக்குப் போட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஊர்ந்து ஊர்ந்து அரங்கின் வாசலுக்குப் போனபோது மணி ஏழே முக்கால். நிறுத்துமிடச் சீட்டை முன்பதிவு செய்யாததால் வாசலில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். பணத்தாளை நீட்டினேன், அங்கே ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். பணியாளர் கை காட்டிய பக்கம் காரை நிறுத்திவிட்டு ஓடினோம். இருக்கையில் அமர்ந்தபோது மூன்றாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது.

முன்பு இப்படித் தாமதமாகப் போனாலும் பெரிய நட்டமில்லை. 2022 வரை ஓர் ஆட்டம் சராசரியாக மூன்று மணி நேரத்தைத் தாண்டும். 2023இல் பந்து வீசுபவருக்குக் கால வரம்பு விதித்தார்கள். ஆட்டம் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. சாலை நெரிசல் மட்டும் சுருங்கவில்லை. ஆக, அதே தாமதத்திற்கு இப்போது ஆட்டத்தின் பெரிய துண்டு பறிபோகிறது.

வெள்ளிக்கிழமை என்பதால் ஆட்டம் முடிந்ததும் வாணவேடிக்கை காட்டினார்கள். அதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓர் உண்மை உறைத்தது. காரை எங்கே நிறுத்தினோம் என்று இருவருமே குறித்து வைக்கவில்லை.

16,000 கார்கள்

கார் தேடி அலைந்த அந்த ஒரு மணி நேரத்தில் அந்த இடத்தின் பரப்பு என் கால்களுக்கு நன்றாகப் புரிந்தது. டாட்ஜர் ஸ்டேடியத்தில் 56,000 பேர் அமரலாம். அதைச் சுற்றி ஏறக்குறைய 16,000 கார்களை நிறுத்தலாம். அதாவது, மூன்றரைப் பேருக்கு ஒரு கார்.

ஒரு கார் நிற்கவும், அது உள்ளே வந்து திரும்பி வெளியேறவும் வேண்டிய வழியைச் சேர்த்தால், ஒவ்வொரு காருக்கும் ஏறக்குறைய 30 சதுர மீட்டர் தேவை. இருக்கையில் அமரும் மனிதனுக்கு ஒரு சதுர மீட்டர்கூட வேண்டாம். 16,000 கார்களுக்குக் கணக்கிட்டால் 4,80,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 120 ஏக்கர். ஆட்டக்காரர்கள் ஓடியாடும் பச்சைப் புல்வெளியோ சில ஏக்கர்தான். உண்மையைச் சொன்னால் அது கார்களுக்காகக் கட்டிய இடம். நடுவில் ஆட்டமும் நடக்கிறது.

அந்த இடத்தை அமைத்த விதத்தில் புத்திசாலித்தனமும் உண்டு. மலைச்சரிவைக் குடைந்து அரங்கைப் பதித்திருக்கிறார்கள். நிறுத்துமிடங்களும் சரிவில் படிப்படியாக ஏறுகின்றன. மேல்தட்டில் இருக்கை வாங்கியவர் மேல்படியில் காரை நிறுத்தி, அதிகம் ஏறாமல் நேராகத் தம் தட்டுக்கு நடந்து போகலாம். 1962இல் திறந்த அரங்கிற்கு இது வியக்கத்தக்க ஏற்பாடு. எந்தப் படி நம் படி என்று தெரிந்தவர்களுக்கு வசதி. எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாப் படியும் ஒன்றுபோலத்தான்.

வெளியேறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடத்தில் ஐந்து விநாடிக்கு ஒரு கார் தடையில்லாமல் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 720 கார்கள். பத்துத் தடங்கள் திறந்திருந்தால் 7,200. நிறுத்துமிடம் நிரம்பியிருந்தால் கடைசிக் கார் வெளியேற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் எவருடைய குறையும் இல்லை, எண்ணிக்கை அப்படி. "லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகர்கள் மூன்றாவது இன்னிங்ஸில் வருவார்கள், ஏழாவதில் போய்விடுவார்கள்" என்று பிற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அது ஆர்வக் குறைவால் அன்று, இந்தக் கணக்கால்தான் என்பது எனக்கு அன்றிரவு விளங்கியது.

கார் கடைசியில் கிடைத்தது. மூன்றாவது பேஸ் பக்கம், வடமேற்கு மூலையில், ஏறக்குறைய தனியாக நின்றுகொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் நிறுத்தினீர்கள்?"

அன்றிரவு நண்பனின் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை அவனுடைய பாட்டி எங்களுக்கு முட்டையும் சோள ரொட்டியும் செய்து கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டியவர். அந்தக் குழுவின் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் வானொலியில் கேட்பவர். முதல் நாள் ஆட்டத்தில் யார் எப்போது பந்தைத் தவறவிட்டார் என்பது நேரில் போன எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கார் தொலைந்த கதையை நண்பன் நடித்துக் காட்டினான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பாட்டி சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார்.

நண்பன் சொன்னான்.

"அது என் பள்ளிக்கூடம்" என்றார் பாட்டி. பிறகு, "இன்னொரு ரொட்டி போடட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டவன். எனக்குத்தான் புதிது. அதன் பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்தவற்றையும் பாட்டி சொன்னவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். கதை லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கவில்லை. ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கிழக்கே, நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்குகிறது.

பெயரிலேயே போக்குவரத்து

1890களில் புரூக்ளின் தெருக்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. குதிரை வண்டியின் வேகத்துக்குப் பழகிய மக்கள், இந்த வண்டிகள் மோதாமல் இருக்க அங்குமிங்கும் துள்ளி ஓடினார்கள். 'டிராலி டாட்ஜர்ஸ்', அதாவது டிராமுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் என்று அவர்களைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலிப்பெயரே ஊர்க் குழுவின் பெயராக நிலைத்தது. தெருவைக் கடக்கும் தொல்லையிலிருந்து பெயர் பெற்ற குழு இது.

1913இல் அக்குழுவுக்காக எபெட்ஸ் ஃபீல்டு என்ற அரங்கம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 32,000 பேர் அமரலாம். ரசிகர்கள் நடந்தும், டிராமிலும், சுரங்க ரயிலிலும் வந்தார்கள். 1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, இருபதாம் நூற்றாண்டின் பெரிய லீக் ஆட்டங்களில் கறுப்பினத்தவருக்கு இருந்த தடையை உடைத்தது இந்த அரங்கில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ரசிகர்களில் பலர் கார் வாங்கினார்கள். லாங் ஐலண்டு புறநகர்களுக்குக் குடிபோனார்கள். ஆட்டம் பார்க்கத் திரும்பி வந்தால் எபெட்ஸ் ஃபீல்டில் ஏறக்குறைய 700 கார்களுக்குத்தான் இடம். சுற்றிலும் குடியிருப்புகள், விரிவாக்க வழியில்லை. குழு 1955இல் உலகத் தொடர் கோப்பையை வென்றது. ஆனாலும், இந்த அரங்கை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று குழுவின் உரிமையாளர் வால்டர் ஓமாலி முடிவெடுத்தார்.

ஓமாலி முதலில் கேட்டது புரூக்ளினிலேயே வேறோர் இடம். அட்லாண்டிக் அவென்யூவும் ஃபிளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கும் இடம் அது. அங்கே லாங் ஐலண்டு ரயிலின் முனையமும் சுரங்க ரயில்களும் இருந்தன. புறநகர் ரசிகன் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் வரலாம். நகரின் கட்டுமானத் திட்டங்களைத் தம் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு இணங்கவில்லை. குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃபிளஷிங் மெடோஸில் கட்டிக்கொள்ளலாம் என்றார். ஓமாலிக்கு அது பிடிக்கவில்லை. 1957 பருவம் முடிந்ததும் குழு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்டது. எபெட்ஸ் ஃபீல்டு 1960இல் இடிக்கப்பட்டது. அங்கே இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஓமாலி கேட்ட அதே சந்திப்புக்கு அருகில் 2012இல் ஒரு கூடைப்பந்து அரங்கம் திறந்தது. ரசிகர்கள் ரயிலில் வருகிறார்கள்.

மூன்று ஊர்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்துக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே சாவேஸ் ரவீன் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று சிற்றூர்கள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். மற்ற பல பகுதிகளில் அவர்களுக்கு எவரும் வீடு விற்காத காலம் அது. சாலை மோசம், வசதி குறைவு. ஆனாலும் சொந்த வீடு, காய்கறித் தோட்டம், கோழி, ஆடு, ஒரு தேவாலயம், ஒரு தொடக்கப்பள்ளி என்று வாழ்ந்தார்கள். பாட்டி பிறந்தது பாலோ வெர்டேயில்.

1950 ஜூலையில் வீடமைப்பு ஆணையத்திடமிருந்து கடிதங்கள் வந்தன. இங்கே பொது வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது, நிலத்தை எடுத்துக்கொள்கிறோம், புதிய வீடுகளில் உங்களுக்கே முன்னுரிமை என்பது அவற்றின் சாரம். ரிச்சர்ட் நியூட்ரா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அத்திட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கிடைத்த தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறின.

வீடுகள் வரவில்லை. பொது வீடமைப்பு என்பதே பொதுவுடைமைச் சூழ்ச்சி என்று பேசப்பட்ட பனிப்போர்க் காலம் அது. திட்டத்துக்காக முன்னின்று உழைத்த அதிகாரி ஃபிராங்க் வில்கின்சன், தம் அரசியல் தொடர்புகள் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்து வேலையை இழந்தார். 1953இல் திட்டத்தை எதிர்த்துப் போட்டியிட்ட நோரிஸ் பவுல்சன் மேயரானார். திட்டம் கைவிடப்பட்டது. பள்ளத்தாக்கு பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஒரு சில குடும்பங்கள் மட்டும் போக மறுத்து அங்கேயே இருந்தன.

அந்த நேரத்தில்தான் ஓமாலி இடம் தேடி வந்தார். மலை மேல் நின்று பார்த்தால் நெடுஞ்சாலைகள் பக்கத்திலேயே தெரிகின்றன. கார்கள் நிற்க வேண்டிய நிலமும் கண்முன் கிடக்கிறது. புரூக்ளினில் கிடைக்காதது எல்லாம் இங்கே கிடைத்தது. நகர மன்றம் ஒப்பந்தம் செய்தது. 1958 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் அது நிலைத்தது. 1959 மே 8ஆம் நாள் அரேச்சிகா குடும்பத்தை ஷெரிஃப் துறையினர் வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். வெளியேற மறுத்த பெண்ணொருவரைக் கைகால் பிடித்துத் தூக்கிச் சென்ற காட்சியைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. 1962 ஏப்ரல் 10ஆம் நாள் அரங்கில் முதல் ஆட்டம் நடந்தது.

பாலோ வெர்டே தொடக்கப்பள்ளியை முழுவதுமாக இடிக்கவில்லை. கூரையைக் கழற்றிவிட்டு மண்ணை நிரப்பி மூடிவிட்டார்கள். மூன்றாவது பேஸுக்கு வடமேற்கே, கார் நிறுத்துமிடத்தின் தாருக்குக் கீழே அது இன்றும் இருக்கிறது. நாங்கள் தொலைத்துவிட்டுத் தேடிய கார் அந்தப் பக்கம்தான் நின்றது.

வெளியேறியவர்கள் தங்களை 'லாஸ் டெஸ்டெராடோஸ்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஸ்பானிய மொழியில் வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் என்று பொருள் கொள்ளலாம். பக்கத்துப் பூங்காவில் கூடிச் சாப்பிட்டுப் பழங்கதை பேசுவது அவர்கள் வழக்கம். அவர்களுக்கு இழப்பீடு பெற்றுத் தர முனைந்த மசோதா ஒன்று 2024இல் கலிபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.

"பிறகு ஏன் பாட்டி இந்தக் குழுவின் ஆட்டத்தைக் கேட்கிறீர்கள்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் கோபப்படவில்லை.

"1981இல் ஃபெர்னாண்டோ வந்தான்" என்றார். மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இருபது வயதில் டாட்ஜர்ஸ் குழுவின் பந்துவீச்சாளராக நகரையே கலக்கிய ஃபெர்னாண்டோ வாலன்சுவேலாவைத்தான் சொன்னார். "எங்கள் பையன் வீசும்போது கேட்காமல் இருக்க முடியுமா? ஆட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வாசலுக்குள் காரில் போகத்தான் மனம் வரவில்லை."

இரண்டாவது பயணம்: பேருந்தில்

அதன்பின் நான் மேலும் மூன்று ஆட்டங்களுக்குப் போனேன், காரில் போகவில்லை. கொள்கையென்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் கார் இல்லை என்பது முதற்காரணம்.

எங்கள் விடுதிக்கு அருகே ஈ ரயில் தடம். அதில் ஏறி, லிட்டில் டோக்கியோ நிலையத்தில் ஏ தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து அரங்கிற்கு 2010 முதல் ஆட்ட நாள்களில் தனிப் பேருந்து விடுகிறார்கள். ஆட்டத்தின் நுழைவுச்சீட்டைக் காட்டினால் கட்டணம் இல்லை. சன்செட் சாலையில் அந்தப் பேருந்துக்கென ஒரு தடத்தை ஒதுக்குகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் கார் வரிசையைக் கடந்து பேருந்து போகும்போது, அந்தக் கார்களுள் ஒன்றில் முன்பு நான் இருந்ததை நினைத்துக்கொண்டேன். நடக்க விரும்பினால் சைனாடவுன் நிலையத்தில் இறங்கி மேடேறலாம். ஏறக்குறைய அரை மணி நேரம். ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

யூனியன் ஸ்டேஷனிலிருந்து அரங்கம்வரை கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டம் ஒன்றும் 2018இல் அறிவிக்கப்பட்டது. அது தங்கள் தலைக்கு மேல் போகும் என்று சைனாடவுன் வாசிகள் பலர் எதிர்த்தார்கள். ஆதரவும் எதிர்ப்பும் வழக்குமாக அத்திட்டம் பல ஆண்டுகள் இழுபட்டது. மக்களை ஓரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழியை யாருடைய வீட்டின் வழியாக எடுப்பது என்ற பழைய கேள்விதான் அங்கேயும்.

மற்ற நகரங்கள்

எல்லா ஊரும் லாஸ் ஏஞ்சலிஸ் அன்று. பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912இல் கட்டியது. நகரின் நடுவே நெருக்கமான தெருக்களுக்குள் இருக்கிறது. அங்கே கார் கொண்டுபோனால் நிறுத்துமிடக் கட்டணம் சில சமயம் நுழைவுச்சீட்டின் விலையை எட்டிவிடும். கென்மோர் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914இல் திறந்தது. அடிசன் ரயில் நிலையம் அருகிலேயே. சுற்றிக் குடியிருப்பவர்கள் அமைதிக்காகப் போராடியதால் 1988 வரை அங்கே இரவு விளக்குகளே இல்லை. விளக்குகள் வந்த பிறகும், இரவு ஆட்ட நாள்களில் அக்கம்பக்கத் தெருக்களில் காரை நிறுத்தக் குடியிருப்பாளர் அனுமதி வேண்டும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2009இல் புதிய யாங்கி ஸ்டேடியம் திறந்தபோது, ஆயிரக்கணக்கான கார்களுக்கு நிறுத்துமிடங்களையும் அமைத்தார்கள். வாசலிலேயே சுரங்க ரயில் இருக்கிறது. ரசிகர்கள் அதில் வந்தார்கள். நிறுத்துமிடங்கள் எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை. அவற்றுக்காகத் திரட்டிய கடனைக் கட்ட முடியாத நிலை வந்தது. கார்களுக்காக இடம் ஒதுக்கினால் கார்கள் வரும் என்பதுகூட எப்போதும் உண்மையில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

நம் மாணவர்கள் இன்று எல்லா ஊர்களுக்கும் போகிறார்கள். எந்தப் பெருநகரில் ஆட்டம் பார்க்கப் போனாலும் பயன்படும் என்பதால் என் அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. நுழைவுச்சீட்டு வாங்குமுன் வரைபடத்தைப் பாருங்கள். அருகில் ரயில் இருந்தால் கார் வேண்டாம். திரும்பி வரக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. காரில்தான் போக வேண்டுமென்றால் நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்யுங்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

3. பாதி வழி காரிலும் மீதி வழி ரயிலிலும் போவது பல நேரங்களில் நல்ல வழி. நகருக்கு வெளியே ரயில் நிலைய நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு உள்ளே போகலாம்.

4. குடியிருப்புத் தெருவில் இடம் காலியாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பலகையை இரண்டு முறை படியுங்கள். ஆட்ட நாளுக்கென்று தனி விதி இருக்கும். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

5. காரை நிறுத்தியதும் நிறுத்துமிட எண்ணைக் கைப்பேசியில் படம் எடுங்கள். இதை நான் சொன்னால் நீங்கள் நம்பலாம்.

6. டாட்ஜர் ஸ்டேடியம் உட்படப் பல அரங்குகளில் உள்ளே இருப்பது தெரியும் ஒளி ஊடுருவும் பைக்குத்தான் அனுமதி. தோள்பையோடு போய்த் திரும்பி வராதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு

நாடு திரும்பிய மாதத்தில் நண்பர்களோடு புக்கிட் ஜாலில் அரங்கில் ஒரு கால்பந்தாட்டம் பார்க்கப் போனேன். 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய அரங்கம், பக்கத்திலேயே எல்.ஆர்.டி. நிலையம். ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, பெட்டியில் நெருக்கிக்கொண்டு நின்றபோது நண்பர்கள் அலுத்துக்கொண்டார்கள். நான் அலுத்துக்கொள்ளவில்லை. கடந்த முறை நள்ளிரவில் 16,000 இடங்களுக்கு நடுவே ஒரு காரைத் தேடியவன் நான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்காத கேள்வி அது. பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் என்பது தெரியும். தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறியதும் தெரியும். "நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளி சரியாக எங்கே இருந்தது, பாட்டி?" என்று கேட்டேன்.

"வா, காட்டுறேன்" என்று உடனே புடவை மாற்றக் கிளம்பினார்.

போனோம். வரிசை வரிசையாக மாடி வீடுகள். மாரியம்மன் கோயில் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. பாட்டி அதை வைத்துத் திசை பார்த்தார். இரண்டு முறை தவறாகத் திரும்பச் சொன்னார். பிறகு ஒரு தெருமுனையில், "இங்க நிறுத்து" என்றார். யாருடைய வீட்டு வாசலிலோ நிறுத்தியிருக்கிறோமே என்று நான் தயங்கினேன்.

"பரவாயில்ல, ஒரு நிமிஷந்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.